பாலசரசுவதி அம்மையாரும் அவர்க்கு வாய்த்த ஆசானும்

பெண்மகவு ஐந்தாம் ஆண்டினை எட்டியதும் அதனை ஆடல் பயிலும் இடத்திற்கு அனுப்புதல் வேண்டுமென்னும் ஆர்வம் இற்றை நாளிற் பல இல்லங்களில் எழுகின்றது. நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பரதநாட்டிய வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆயினும் அவற்றுள் எதனைத் தேர்வது, எவரிடம் பிள்ளையை ஒப்புவிப்பது, எத்தனை ஆண்டு பொறுத்திருப்பது என்னும் வினாக்களுக்கு விடை காணாது பெற்றோர் மயங்குகின்றனர். வீட்டிற்கு அண்மையில் உள்ளது என்பதனாலும், கட்டணம் குறைவு என்பதனாலும், அடுத்த வீட்டுப் பிள்ளை செல்கின்றது என்பதனாலும் ஓரிடத்தைத் தேர்ந்து, ஈராண்டு கழித்து வருந்துவோர் பலர்.

நம் சங்கத்து அன்பர் சிலர் இது குறித்து அடியேனை வினவினர். யான் ஆடல் வல்லேன் அல்லேன். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். ஆதலின் நுணுக்கங்களைப் பற்றி அறிவுரை கூறப் புகாது, நம் இசை வேளாளர் மரபில் தோன்றி உலகெங்கும் புகழ் நிறுவிய பாலசரசுவதி அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். அவர்தம் அன்னையார் நான்கு வயதுக் குழந்தைக்கு ஆசானைத் தேர்ந்த திறமும், அத்தேர்வினால் விளைந்த பயனும், அதன்பொருட்டுக் குழந்தை கொடுத்த விலையும் இவ்வரலாற்றில் ஒருங்கே காணப்படுகின்றன. அறிவுடையோர் அவற்றினின்று தமக்கு வேண்டுவன கொள்வாராக.

குடிப்பிறப்பு

பாலசரசுவதி அம்மையார் 1918-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் கோவிந்தராஜுலு என்பவர்; அன்னையார் ஜெயம்மாள். ஜெயம்மாளின் தாயார், வீணையென்றால் தம் பெயரே நினைவிற்கு வருமாறு வாழ்ந்த வீணை தனம்மாள். தனம்மாள் 1867-ஆம் ஆண்டு பிறந்து 1938-ஆம் ஆண்டு மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவரது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த வீணை வாசிப்பைக் கேட்பதற்கு அக்காலத்துப் பெரும்புலவர்களும் இசைவாணர்களும் வந்து அமர்வர். கண்ணொளி குன்றிய முதுமையிலும் அவர்தம் விரலொலி குன்றவில்லை.

அக்குடியின் முன்னோர் தஞ்சை அரசவையில் ஆடியும் பாடியும் விளங்கியவர்கள். தனம்மாளின் பாட்டியாராகிய காமாட்சியம்மாள் ஆடலிற் பேர்பெற்றவர். ஆனால் அவர்க்குப் பின் அக்குடும்பத்துப் பெண்டிர் இசையையே தம் தொழிலாகக் கொண்டனர். தனம்மாளின் மகளிர் நால்வரும் பாட்டிலே தேர்ந்தனர். பேர்த்தியராகிய பிருந்தாவும் முக்தாவும் பின்னாளில் இசையுலகிற் பெரும்பெயர் எய்தினர். ஆகவே பாலசரசுவதி பிறந்த வீட்டில் இசை நிறைந்திருந்தது. ஆடலோ சில தலைமுறைகளாக அறுந்து கிடந்தது. குழந்தை தவழும் பருவத்திலேயே பதங்களும் ஜாவளிகளும் அதன் செவியில் விழுந்தன. பிற வீட்டுக் குழந்தைகள் தாலாட்டுக் கேட்டு வளர்வது போல அக்குழந்தை இராகம் கேட்டு வளர்ந்தது. இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

அக்காலத்தின் நிலை

ஒரு பெண்மகவை ஆடல் பயிற்றுவிப்பது 1922-ஆம் ஆண்டளவில் எளிய செயலாக இருந்ததில்லை. திருக்கோயில்களிலும் செல்வர் மனைகளிலும் சதிர் ஆடிவந்த நம் குலப் பெண்டிரை உலகம் கலைக்காகப் போற்றிய நாள்கள் கழிந்து, வாழ்க்கை முறைக்காக இகழும் நாள்கள் வந்திருந்தன. பொட்டுக்கட்டும் வழக்கத்தினால் பெண்டிர்க்கு நேர்ந்த இழிவைத் துடைக்க வேண்டுமென்று சீர்திருத்தம் வேண்டினோர் எழுந்தனர். அவருள் தலைநின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் தாய்வழியில் நம் மரபினரே. 1927-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் அவர் கொணர்ந்த தீர்மானமும், 1930-ஆம் ஆண்டு கொணர்ந்த மசோதாவும் பெருங்கிளர்ச்சியை விளைத்தன. மூவலூர் இராமாமிர்தத் தம்மையார் ஊரூராகச் சென்று அவ்வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். நம்மவர் சங்கங்களிலும் மாநாடுகளிலும், நம் பெண்கள் சதங்கையைக் கழற்றி வைத்துப் பள்ளிக்குச் செல்லல் வேண்டுமென்று பலர் முழங்கினர். முடிவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது.

அச்சட்டம் நம் பெண்களுக்குச் செய்த நன்மையை எவரும் மறுத்தல் இயலாது. ஆனால் வழக்கத்தை ஒழிக்கப் புகுந்தோர் பலர் கலையையும் அதனோடு சேர்த்து ஒதுக்கினர். பயிரில் முளைத்த களையைப் பறிக்கும் கையோடு பயிரும் வந்தது என்க. இத்தகைய காற்று வீசத் தொடங்கிய காலத்திலேதான் முப்பத்திரண்டு வயதினராகிய ஜெயம்மாள், தம் மகளுக்கு ஆடல் கற்பிப்பது என்று முடிவு செய்தார். இசையொன்றே போதும், அதனால் மதிப்பும் உண்டு, வருவாயும் உண்டு. ஆடலென்றாலோ ஏச்சு உறுதி. இவையெல்லாம் அறிந்தே அவர் துணிந்தார்.

குழந்தையின் விருப்பம்

அன்னை துணிந்தது தம் ஆசையை மகள்மேல் ஏற்றியதனால் அன்று. குழந்தைதான் முதலில் ஆடலை விரும்பியது. அக்காலத்தில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் திருக்கோயிலில் ஆடற்பணி புரிந்தவர் கௌரி அம்மாள் என்பவர். 1892-ஆம் ஆண்டு பிறந்த அவர் அபிநயத்திற் பெரும்புலமை வாய்ந்தவர். அவரது ஆடலைக் கண்ட சிறுமி பாலசரசுவதி அதிலே நெஞ்சைப் பறிகொடுத்தார். கண்டதை ஆடிக் காட்டுவதும், பாட்டுக் கேட்ட போதெல்லாம் காலை எடுத்து வைப்பதுமாக இருந்த குழந்தையை அன்னை பல நாள் உற்று நோக்கினார். இன்று கண்டு நாளை மறக்கும் விளையாட்டு அன்று இது என்பது தெளிந்த பின்னரே ஆசானைத் தேடினார்.

ஈண்டுப் பெற்றோர் கருதத்தக்கது ஒன்று உண்டு. குழந்தைகள் யாவும் பாட்டுக் கேட்டால் துள்ளும். துள்ளுதல் அனைத்தும் ஆடல் விருப்பம் ஆகாது. தொலைக்காட்சியிற் கண்ட திரைப்பாட்டுக்கு ஒரு நாள் ஆடிய மகவை மறுநாளே வகுப்பிற் சேர்ப்பவர், அம்மகவு மூன்றாம் மாதம் அழுது திரும்பும்போது வியப்படைகின்றனர். நல்ல ஆடலை நேரிற் காட்டுதல் வேண்டும். ஒருமுறை அன்று, பலமுறை காட்டுதல் வேண்டும். கோயில் விழாக்களில் இன்றும் ஆடல் நிகழ்ச்சிகள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. மடியில் அமர்ந்து காணும் குழந்தை, அரை நாழிகை கழிந்தும் கண்ணிமையாது நோக்குகின்றதா, வீடு திரும்பியதும் கண்டதைச் செய்து பார்க்கின்றதா, மறுமுறை அழைத்துச் செல்லுமாறு தானே கேட்கின்றதா என்று கவனித்தால் விடை கிடைக்கும். இசையில்லத்திற் பிறந்த குழந்தைக்கே அன்னை இவ்வாறு பொறுத்திருந்தார் எனின், நாம் அவசரப்படுதற்குக் காரணம் என்னை?

ஆசானைத் தேர்தல்

ஜெயம்மாள் தேர்ந்த ஆசான் கந்தப்ப பிள்ளை என்னும் நட்டுவனார். 1899-ஆம் ஆண்டு பிறந்த அவர்க்கு அப்போது வயது இருபத்து மூன்றளவே ஆகும். வயதிற் சிறியவராயினும் மரபிற் பெரியவர். அவர் தந்தையார் நெல்லையப்ப நட்டுவனார் தம் காலத்திற் புகழ் வாய்ந்த ஆசிரியர். அவர்தம் முன்னோரோ சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்ற அந்நால்வரே, அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றும் மேடைதோறும் ஆடப்பெறும் முறையை வகுத்தவர்கள்.

அன்னையார் எதனை நோக்கி அவரைத் தேர்ந்தார்? கந்தப்பர் இன்சொல் பேசிக் குழந்தைகளை மகிழ்விப்பவர் அல்லர். விரைவில் மேடையேற்றுவதாக வாக்களிப்பவரும் அல்லர். அடவு பிறழாமை, தாளம் வழுவாமை, இசையோடு இயைதல் என்னும் மூன்றினும் அவர் சிறிதும் விட்டுக்கொடாதவர். இசையின் நுட்பம் அறியாத ஒருவர் தனம்மாளின் இல்லத்துப் பிள்ளைக்குக் கற்பித்தல் இயலாது. பாட்டின் பொருளையும் இராகத்தின் தன்மையையும் உணர்ந்து, அதனைக் காலிலும் கையிலும் கண்ணிலும் கொணரும் ஆசானே ஜெயம்மாளுக்கு வேண்டியிருந்தார். தாம் இசை வல்லவர் ஆதலின் அவ்வாறு ஆராய்தல் அவர்க்கு எளிதாயிற்று.

பயிற்சி

நான்காம் வயதிற் பயிற்சி தொடங்கிற்று. ஆடலறியாத வாசகர் பொருட்டு அப்பயிற்சியின் இயல்பைச் சிறிது விரித்துரைக்கின்றேன். முதலிற் கற்பிக்கப்படுவது அரைமண்டி. முழங்கால்களை இருபுறமும் விரித்து மடித்து, முதுகை நிமிர்த்தி, பாதி அமர்ந்தாற்போல நிற்றல் அதுவாகும். அந்நிலையில் நின்று இரு காலையும் மாறி மாறித் தட்டுதல் தட்டடவு. காலை நீட்டிக் குதிகாலை நாட்டுதல் நாட்டடவு. இவ்வாறு விரியும் அடவுகள் ஒவ்வொன்றையும் ஆசான் தட்டுக்கழியாற் கட்டையில் தட்டிச் சொற்கட்டு உரைக்க, முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று மூன்று வேகத்திலும் செய்தல் வேண்டும். முதற்காலத்தில் ஒரு தட்டு விழும் இடத்தில் மூன்றாங்காலத்தில் நான்கு விழும். வேகம் ஏறும்போது அரைமண்டி உயர்தலும் கை தளர்தலும் குழந்தைகட்கு இயல்பு. அவற்றைக் கண்டு திருத்துவதே நல்லாசிரியர் தொழில். திருத்தாது விட்ட பிழை எலும்பிற் படிந்து பதினைந்தாம் வயதிலும் நீங்காது.

கந்தப்பர் ஒரு பிழையையும் விட்டாரல்லர். நாள்தோறும் நெடுநேரம் பயிற்சி நடந்தது. பிழை நேர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். கடிந்துரையும் தண்டனையும் அக்காலத்து வழக்கப்படி இருந்தன. விளையாட்டுத் தோழர்களோடு கழியவேண்டிய பருவம் அவ்வாறு கழிந்தது. பின்னாளில் அம்மையார் தம் ஆசானைத் தெய்வமாகவே மதித்துப் பேசினார் என்பது உண்மை. ஆயினும் அம்மதிப்பினைக் காட்டி அத்தண்டனையை நியாயமென்று நாட்டுதல் அடியேனுக்கு உடன்பாடன்று. ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றேன்; அடித்துக் கற்பித்த பாடம் நின்றதையும் கண்டேன், அடியினாற் பாடத்தையே வெறுத்தோரையும் கண்டேன். கந்தப்பரிடம் கைக்கொள்ளத்தக்கது அவர் பிழையை விடாத கவனம், கைவிடத்தக்கது அடி. கவனம் உள்ளவர்க்கு அடி வேண்டப்படுவதில்லை. கவனமில்லாதவர் எத்தனை அடித்தும் கலை வருவதில்லை.

அரங்கேற்றம்

மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பின் 1925-ஆம் ஆண்டு, காஞ்சிபுரத்தில் அம்மன் திருக்கோயில் ஒன்றில் பாலசரசுவதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அப்போது வயது ஏழு. இதனைப் படிக்கும் பெற்றோர் சிலர், ஏழு வயதில் அரங்கேற்றம் செய்தல் தகும்போலும் என்று கருதுதல் கூடும். அவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பாராக. கிழமைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் வகுப்பிற்குச் செல்லும் குழந்தை மூன்றாண்டிற் பெறும் பயிற்சி ஏறத்தாழ 300 மணி நேரம். நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிலும் குழந்தைக்கோ அது நூறு நாட்பயிற்சி. அன்றியும் பாலசரசுவதிக்கு வீட்டிலே விழித்த பொழுதெல்லாம் இசைப்பயிற்சி வாய்த்தது. ஆகவே வயதை ஒப்பிடுதல் பொருந்தாது. பயிற்சியையே ஒப்பிடுதல் வேண்டும்.

இதனினும் முக்கியமான செய்தி, அரங்கேற்றத்தோடு அவர் கல்வி முடிந்துவிடவில்லை என்பது. உண்மையில் அது தொடக்கமே ஆயிற்று. கந்தப்பரிடம் பயிற்சி தொடர்ந்தது. எந்தக் கௌரி அம்மாளைக் கண்டு ஆடலை விரும்பினாரோ அவரிடமே அபிநயம் கற்கும் பேறு வாய்த்தது. சின்னையா நாயுடு என்பாரிடமும், கூச்சிப்புடி மரபினராகிய வேதாந்தம் இலட்சுமிநாராயண சாஸ்திரியாரிடமும் அபிநய நுட்பங்களைப் பயின்றார். பாட்டினை வீட்டிலேயே கற்றார். ஆடுங்கால் தாமே பாடியும் அபிநயிக்கும் வன்மை அவர்க்கு அதனாலே வந்தது. ஒரே வரியைப் பலமுறை பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருள் தோன்ற முகத்தாலும் கையாலும் காட்டுவார். அது ஒத்திகை பார்த்து வருவதன்று. பாட்டு உள்ளத்தில் ஊறியதனால் அவ்வப்போது பிறப்பது.

இக்காலத்தில் அரங்கேற்றம் பலர்க்கு இறுதி நாளாகின்றது. மண்டபம், பட்டாடை, நகை, பக்க வாத்தியம், விருந்து, நிழற்படம் என்று பெருஞ்செலவு செய்து ஒரு மாலை ஆடியபின் சதங்கை பெட்டிக்குட் சென்றுவிடுகின்றது. கடன் பெற்று இது செய்தோரும் நம்மிடை உண்டு. அச்செலவில் ஒரு பகுதியைக் கொண்டு பிள்ளைக்கு ஐந்தாண்டு இசை கற்பித்திருக்கலாம்.

வளர்ச்சியும் தளர்ச்சியும்

1932-ஆம் ஆண்டு இறுதியில் சென்னைச் சங்கீத வித்வத் சபையார் சதிர் என்னும் பெயரை மாற்றிப் பரதநாட்டியம் என வழங்கத் தீர்மானித்தனர். மறு ஆண்டாகிய 1933-இல் பாலசரசுவதி அச்சபையில் ஆடினார். 1934-இல் கல்கத்தாவில் ஆடி வடநாட்டாரையும் வியப்பித்தார். மகள் ஆட, அன்னை ஜெயம்மாள் பாட, ஆசான் கந்தப்பர் நட்டுவாங்கம் நிகழ்த்த, அம்மூவரும் ஒருயிர் போல இயங்கினர் என்று கண்டோர் போற்றினர்.

பின்னர் இடர்கள் அடுத்தடுத்து வந்தன. பாட்டியார் தனம்மாள் 1938-இல் மறைந்தார். உதயசங்கர் அல்மோராவில் நிறுவிய கலைக்கூடத்திற் கற்பிப்பதற்குச் சென்ற கந்தப்பர், 1941-ஆம் ஆண்டு தம் நாற்பத்திரண்டாம் அகவையிலே காலமானார். அம்மையாரின் உடல்நலமும் குன்றிற்று. இதற்கிடையில் ஆடற்கலை பிற வகுப்பினரிடையே பரவத் தொடங்கியது. ருக்மிணி தேவியார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. கலை பரவியது நன்றே. அதனைக் கற்பித்தவர் நம் நட்டுவனார்களே என்பதும் மறக்கற்பாலதன்று. ஆனால் நம் குலப் பெண்டிர்க்கு மட்டும் அரங்கு சுருங்கிற்று. இகழ்ச்சிக்கு அஞ்சி நம்மவர் விட்ட கலையைப் பிறர் பெருமையோடு ஏற்றனர். அந்நாளில் பாலசரசுவதி அம்மையார் ஆடலைக் கைவிடவில்லை. தம் மரபினர் வழிவழி ஆடிய பதங்களையும் சிருங்கார உணர்வையும் நீக்கித்தான் ஆடல் தூய்மை பெறவேண்டும் என்ற கருத்தையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. காதற்பாட்டும் கடவுளை நோக்கிச் செல்லும் வழியே என்பது அவர் கொள்கை. நம் ஆழ்வாரும் நாயன்மாரும் அகப்பொருளிற் பாடியதை அறிந்தார்க்கு இது புதிதன்று.

ஆசிரியராதல்

1953-ஆம் ஆண்டு சங்கீத வித்வத் சபையின் ஆதரவில் ஆடற்பள்ளி ஒன்று தொடங்கப்பெற்று அம்மையார் அதில் ஆசிரியரானார். கந்தப்பரின் மகனார் கணேசன் அவர்க்குத் துணைநின்று நட்டுவாங்கம் நிகழ்த்தினார். ஆசான் கொடுத்ததை ஆசானின் மகனோடு சேர்ந்து பிறர்க்குக் கொடுத்த பேறு அவர்க்கு வாய்த்தது.

அதன்பின் சிறப்புகள் தேடிவந்தன. 1955-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1957-இல் பத்ம பூஷண் விருதும் பெற்றார். 1961-இல் ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரிலும், 1962-இல் அமெரிக்க நாட்டு ஜேக்கப்ஸ் பில்லோ ஆடல் விழாவிலும், 1963-இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். மொழியறியாத அந்நாட்டு மக்களும் அவர் அபிநயத்தைக் கண்டு உருகினர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார். அவர் உடன்பிறந்த மிருதங்க வல்லுநர் இரங்கநாதனும், புல்லாங்குழல் வல்லுநர் விசுவநாதனும் அங்கே ஆசிரியராக விளங்கினர். 1973-இல் சங்கீத வித்வத் சபை அவர்க்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. ஆடற்கலைஞர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1976-இல் சத்தியஜித் ராய் அவர் ஆடலைத் திரைப்படமாக எடுத்தார். 1977-இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் நாள் அம்மையார் சென்னையில் இயற்கை எய்தினார். மகள் இலட்சுமியும் ஆடற்கலையிற் சிறந்து அன்னையின் வழியைக் காத்தார்.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்று பெற்றோர் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவல்.

முதலாவது, குழந்தையின் விருப்பத்தை அறிந்த பின்னரே ஆசானைத் தேடல் வேண்டும். விருப்பமில்லாத பிள்ளைக்குக் கந்தப்பரே வந்து கற்பித்தாலும் பயனில்லை.

இரண்டாவது, இடத்தைத் தேராது ஆசானைத் தேர்தல் வேண்டும். பெயர்ப்பலகையும் சுவரில் தொங்கும் பரிசுகளும் ஆசானைக் காட்டா. வகுப்பு நடக்கும் வேளையிற் சென்று, ஒரு மூலையில் அமர்ந்து, இரண்டு மூன்று நாள் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் தாமே தட்டுக்கழி பிடிக்கின்றாரா, பெரிய மாணவியரிடம் விட்டுவிட்டுத் தொலைபேசியில் ஆழ்ந்திருக்கின்றாரா? பின்வரிசையில் நிற்கும் குழந்தையின் அரைமண்டியையும் அவர் கண் காண்கின்றதா? தாம் எவரிடம் எத்தனை ஆண்டு கற்றார் என்று தயங்காது கூறுகின்றாரா? பெற்றோர் அமர்ந்து காண்பதற்கு இசைகின்றாரா? இசையாதவரிடம் பிள்ளையை விடுதல் தகாது.

மூன்றாவது, இசையைப் பிரித்தலாகாது. ஒலிப்பேழையில் பதிந்த பாட்டுக்கு ஆடக் கற்ற குழந்தை அப்பாட்டுக்கு மட்டுமே ஆடும். வாயாற் சொற்கட்டுச் சொல்லவும், கையால் தாளம் போடவும், தான் ஆடும் பாட்டைத் தானே பாடவும் கற்பிக்கும் ஆசானே ஆசான். வீட்டில் நாள்தோறும் சிறிது நேரம் நல்லிசை ஒலிக்கச் செய்தலும் பெற்றோர் கடமை. தனம்மாளின் இல்லம் நமக்கு வாய்க்காது. ஆனால் அவ்வில்லத்திற் பிறந்த இசையைக் கேட்கும் வாய்ப்பு இன்று எளிய குடிலுக்கும் உண்டு.

நான்காவது, உடலைக் காத்தல் வேண்டும். வெறும் சிமிட்டித் தரையில் நெடுநேரம் காலைத் தட்டுவது இளங்கால்களுக்குத் தீங்கு. மரத்தரையாயின் மிக நன்று. முழங்கால் வலிக்கின்றது என்று குழந்தை கூறின், அதனைச் சோம்பலென்று தள்ளாது நிறுத்தி ஆராய்தல் வேண்டும். நான்கைந்து வயதில் விளையாட்டுப்போல் தாளமும் கையசைவும் போதும். கடும்பயிற்சி எலும்பு உறுதிபெறும் ஆண்டுகளுக்கு உரியது.

ஐந்தாவது, அரங்கேற்ற நாளைப் பெற்றோர் குறித்தலாகாது. அந்நாளை ஆசான் குறிப்பார். முதல் நாளிலேயே அரங்கேற்றத்திற்கு ஆண்டும் தொகையும் குறித்துக் கொடுப்பவரிடம் பிள்ளையைச் சேர்ப்பது, விதைக்கும் முன்னே விளைச்சலை விற்பது போலாம்.

இவையாவும் எக்குலத்தார்க்கும் பொது. நம் குலத்தார்க்கென்று கூறத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. நம் இல்லங்கள் சிலவற்றில் ஆடல் என்ற சொல்லை எடுத்தாலே முதியோர் முகம் வாடுகின்றது. பாட்டியர் பட்ட துன்பத்தைக் கண்டவர்கள் அவர்கள்; அவர்தம் அச்சம் மதிக்கத்தக்கது. வேறு சில இல்லங்களிலோ மரபுப் பெருமை பேசி, விருப்பமில்லாத பிள்ளையின் காலில் சதங்கையைக் கட்டுகின்றனர். இரண்டும் குழந்தையைக் காணாது பழமையைக் காண்பதன் விளைவு. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்து முக்கால் நூற்றாண்டிற்கு மேலாயிற்று. இன்று நம் பெண் ஆடுவதும் ஆடாமையும் அவள் விருப்பத்திற்கு உரியன. மருத்துவராகவோ பொறியாளராகவோ வருவேன் என்று கூறும் பெண்ணை வாழ்த்துவது போலவே, ஆடுவேன் என்று கூறும் பெண்ணையும் தலைநிமிர்ந்து வாழ்த்துதல் வேண்டும். ஆண்பிள்ளைகள் நட்டுவாங்கமும் மிருதங்கமும் பயிலவும் வழிசெய்தல் வேண்டும். கற்பிப்பார் குறைந்தால் கற்பார்க்கு எங்கே வழி?

ஊரார் ஏசிய நாளில் ஜெயம்மாள் தம் மகளின் கண்ணை நோக்கி அதில் எழுந்த ஆர்வத்தை நம்பினார். அதற்குத் தக்க ஆசானைத் தேடிக் கொணர்ந்தார். பின்னர்த் தாமே உடனிருந்து பல்லாண்டு பாடினார். ஏசுவார் இல்லாத இந்நாளில் நம்மிடம் வேண்டப்படுவது அத்துணைத் துணிவன்று. சிறிது பொறுமையும், வகுப்பின் மூலையில் இரண்டு மூன்று நாள் அமர்ந்து காணும் கவனமுமே. அவற்றை நம் பிள்ளைகட்கு நல்குவோமாக.